சத்தியம் பண்ணிய இக்னேசியஸ்

கனடாவில், வோபர்னில், இக்னேசியஸ் அளவுக்கு இங்கிலாந்து ராசாவை ஏசியவர் எவருமில்லை. ராசாவை ஏசக்கூடாது என்பதை அவரளவுக்குப் படித்தவரும் இல்லை. மன்னனை மனத்திலும் நிந்திக்காதே, ஆகாயத்துப் பறவை போய்ச் சொல்லிவிடும் என்கிற வேத வசனத்தை ஆதி ஆங்கிலப் பிரசங்கிகள் எப்படிக் கையாண்டார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. சேவகர் நுழைய முடியாத நெஞ்சுக்குள் பறவையை அனுப்பிய கெட்டிக்காரர்கள் என்று பக்கம் பக்கமாக எழுதி, களைத்து, பாதியில் விட்டுவிட்டு, வராத ஆசிரியர்களுக்குப் பதிலாகப் படிப்பிக்கும் சப்ளை ரீச்சராகப் போனார்.

ஏச்சு மட்டும் நிற்கவில்லை. "எங்களைச் சிங்களவங்களின்ரை கையிலை குடுத்திட்டுக் கப்பலேறின கூட்டத்துக்கு நான் சத்தியம் பண்ணோணுமோ?" என்று, ராசாவுக்குச் சத்தியம் பண்ணினால்தான் கிடைக்கும் கனேடியக் குடியுரிமையே எடுக்காமல் இருந்தார்.

லண்டனில் மகள் நிலாணிக்குக் குழந்தை பிறந்தது. இலங்கைப் பாஸ்போட்டுக்கு விசா மறுத்தார்கள். மறுபடியும் மறுத்தார்கள். கனேடியப் பாஸ்போட் வைத்திருந்த மனைவி ஸ்டெபனி தனியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிள்ளை தவழத் தொடங்கியபோது இக்னேசியஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார்.

சத்தியப் பிரமாணம் கணினியில், சூமில் நடந்தது.

"வாயை அசைச்சாக் காணுமப்பா. உள்ளுக்கை நல்லா ஏசுங்கோ, ஆர் கேக்கப்போறான்?" என்றாள் ஸ்டெபனி.

"உள்ளுக்கை ஏசக்கூடாதெண்டதுதானே வசனமே."

"விசர்க்கதை கதையாதேங்கோ. கையைத் தூக்குங்கோ."

முதலில், இனித் தேவைப்படாத நிரந்தர வதிவிட அட்டையை, பி.ஆர். காட்டைக் கமெராவுக்கு முன்னால் வெட்டிக் காட்டச் சொன்னார்கள். மீன் வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டினார். பிறகு எல்லோருடைய ஒலியையும் அடைத்துவிட்டு, உதடு அசைகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். அரசாங்கத்துக்கு உதடு போதும். நெஞ்சைப் பார்க்க ஆளே இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. யாரும் கேட்காத அந்தச் சத்தியத்தை உரத்து, ஒரு சொல் விடாமல், மனமறிந்து சொன்னார்.

மாலையில் நிலாணி வீடியோவில் வந்தாள். "பாஸ்போட் வந்த உடனை வாங்கோ அப்பா." மடியில் பிள்ளை திமிறியது. பக்கத்தில் அவள் கணவன் அன்ட்ரூ, அசல் ஆங்கிலேயன், ராசாவின் அரண்மனைச் செலவை இழுத்து நையாண்டி பண்ணி வாழ்த்துச் சொன்னான். மாமனையும் மருமகனையும் இத்தனை வருடம் ஒட்டவைத்தது அந்தப் பேச்சு ஒன்றுதான். இக்னேசியஸ் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"அப்பிடிச் சொல்லாதையும், தம்பி," என்றார் தமிழில்.

அப்பா என்ன சொல்கிறார் என்று அன்ட்ரூ கேட்டான்.

களைத்துப்போனாராம் என்று நிலாணி மொழிபெயர்த்தாள். அதிலும் பிழையில்லை.