பெட்டியைக் கழித்த கணக்கு

விமான நிலையத்தில், "இந்தப் பெட்டியை நீங்களேதான் அடுக்கினீர்களா?" என்று கேட்பார்கள். வேலை காரணமாக வருடத்துக்கு இரண்டு முறையாவது கடல் தாண்டுகிறேன். இத்தனை தடவை கேட்ட கேள்விதான். ஆனாலும் பதில் சொல்வதற்கு முன் எனக்கு ஒரு நொடி தாமதமாகும்.

எனக்கு அந்தக் கேள்வி எட்டு வயதிலேயே அறிமுகம். அப்போது கேட்டவள் நான்.

அருப்புக்கோட்டையில் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். பரளச்சி, திருச்சுழிப் பக்கத்து மிளகாய் வத்தலை வாங்கி மூட்டையாக வெளியூருக்கு அனுப்பும் வேலையும் இருந்தது. தொடர்ந்து மழை ஏமாற்றியதில் வத்தல் வரத்து நின்று, கடை படுத்துவிட்டது. டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த அம்மாவுக்குத் துபாயில் வேலை கிடைத்தது. இரண்டு வருடம். எனக்கு அந்த இரண்டு வருடம் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொன்னேன். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மதுரையைத் தாண்டி அதிகம் போயிராத அப்பா ஒரே மாதத்தில் வெளிநாட்டுப் பயண நிபுணராகிவிட்டார். துபாயில் லாரி ஓட்டிவிட்டு லீவில் வந்திருந்த நரிக்குடிக்காரர் ஒருவர்தான் அவருக்குக் குரு. அவரைக் கடையில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அவர் சொன்னதையெல்லாம் சிட்டை நோட்டில் எழுதிக்கொண்டார். பாஸ்போர்ட் நகல் மூன்று இடத்தில் இருக்க வேண்டும். மாத்திரையும் டாக்டர் சீட்டும் ஒரு மாற்றுத் துணியும் கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டி காணாமல் போனாலும் ஆள் தவிக்கக் கூடாது. முன்பின் தெரியாதவர் கொடுக்கும் பார்சலைத் தொடக் கூடாது. பிளேனில் அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும்.

"முக்கியமா கசகசா. குழம்புக்குன்னு ஒரு பொட்டலம் வச்சாலும் போச்சு. அந்த ஊருக்குள்ள விட மாட்டாக" என்றார் நரிக்குடிக்காரர்.

அதற்கு மேல் அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. இரண்டாவது டீ வாங்கிவர என்னை அனுப்பிவிட்டார்கள்.

இதற்கிடையில் வீட்டில் தினமும் ஒத்திகை நடந்தது. அம்மா பயந்து உளறிவிடக் கூடாது என்பது அப்பாவின் கவலை. கட்டிலுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு என்னை ஆபீசராக உட்கார வைத்தார். கேள்வியெல்லாம் அவர் எழுதிக் கொடுத்தது.

"பெட்டிய நீங்கதான் அடுக்குனீகளா?"

"ஆமாங்க, ஆபீசரம்மா."

"வேற யாராச்சும் எதையாச்சும் குடுத்துவிட்டாகளா?"

"இல்லீங்க."

எல்லாப் பதிலும் சரியாக இருந்தும், "நீங்க போக முடியாது" என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். அம்மா சிரித்தாள். அப்பா என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, சீல் குத்தச் சொன்னார்.

புறப்படுவதற்கு முதல் நாள் கடையிலிருந்து ஒரு கை கசகசா எடுத்தேன். பேப்பரில் பொட்டலம் மடித்து, பெட்டியில் அம்மாவின் மஞ்சள் சேலைக்குள் செருகினேன். ஊருக்குள் விட மாட்டார்கள் என்றால் திருப்பி அனுப்புவார்கள். மறுநாள் சாயங்காலம் அம்மா வீட்டில் இருப்பாள். இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

திருச்சி விமான நிலையத்தில் நானும் அப்பாவும் பார்வையாளர் சீட்டு வாங்கித் தடுப்புக் கம்பி வரை போனோம். உள்ளே போன அம்மா கொஞ்ச நேரத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அதற்குள்ளேயே அனுப்பிவிட்டார்களா என்று நான் குதித்தேன்.

"நாலு கிலோ கூடுதலாங்க. முப்பதுதானாம்" என்றாள்.

"அதெப்படிக் கூடும்? நம்ம தராசுல நாந்தான நிறுத்தேன்? பெட்டியக் கழிச்சாகளான்னு கேட்டியா?"

"பெட்டியோட சேத்துதான் முப்பதாம்."

 மூட்டையை நிறுத்து, சாக்கு எடையைக் கழித்து, சரக்குக்கு மட்டும் கணக்குச் சொல்லியே பழகியவர் அப்பா. காலிப் பெட்டி நாலு கிலோவையும் அதே மாதிரி கழித்திருந்தார். "சாக்கையும் சேத்து நிறுக்கிறது என்ன யாவாரம்" என்று முணுமுணுத்தார்.

அம்மா தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். ஊறுகாய் டப்பா வெளியே வந்தது. பருப்புப்பொடி வந்தது. கனமான மஞ்சள் சேலையை உருவியபோது என் பொட்டலம் தரையில் விழுந்து பிரிந்தது.

அப்பா குனிந்து பார்த்தார். "கசகசா… நாந்தான் மசாலாவோட சேத்துக் கட்டிட்டேனா? படுபாவி நானு" என்று தலையில் கை வைத்தார். நாள் பூராவும் பொட்டலம் மடிப்பவருக்கு அன்று மடிப்பு கண்ணில் படவில்லை. அம்மா பேப்பரை எடுத்துப் பார்த்தாள். நான் மடித்தால் ஒரு மூலை எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்க இல்லீங்க. நாந்தான் ஞாபக மறதியா வச்சுட்டேன்" என்றாள்.

சிந்தியதை ஒன்று விடாமல் பொறுக்கி அப்பாவிடம் கொடுத்தாள். சேலையையும் பெட்டியில் இருந்த மற்றத் துணிகளையும் ஒவ்வொன்றாக உதறினாள். உதறியதையே மறுபடியும் உதறினாள். நாலு கிலோவுக்கு இவ்வளவு பயமா என்று நினைத்தேன். நரிக்குடிக்காரர் சொன்ன மிச்சம், காலேஜ் படிக்கும்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. கசகசா அங்கே போதைப்பொருளில் சேர்த்தி; கொண்டுபோனவரைத் திருப்பி அனுப்புவதில்லை. பிடித்து ஜெயிலில் வைக்கிறார்கள். வருடக்கணக்கில்.  அப்பாவின் தப்புக் கணக்குதான் அம்மாவைக் காப்பாற்றியிருக்கிறது.

எடை சரியானதும் அம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் எனக்கு நேராக வந்து மண்டியிட்டாள். திட்டுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆபீசரம்மா" என்றாள் மெதுவாக. "இந்த ஒரு தடவ விட்டுருங்க. ரெண்டு வருசத்துல வந்துருவேன்."

ஒத்திகைதான் நடத்துகிறாள் என்று நினைத்தேன். திட்டம் வீணாய்ப் போன கோபத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவள் நீட்டிய பாஸ்போர்ட்டில் முஷ்டியால் ஒரு குத்துக் குத்தி, "சரி, போங்க" என்றேன்.

அம்மா அழுதாள். ஆட்டத்தில் தோற்றது நான், இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.