வலப்பக்கம் பார்க்கும் முகங்கள்

அட்டையில் இருக்கும் நடிகை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்காக ஓர் ஆணும் பெண்ணும் பத்தொன்பது வருஷம் சண்டை போட முடியும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். 1954இல் மெக்சிகோ நகரத்தின் புகாரெலித் தெருவில், ‘தெலோன்’ என்ற சினிமா வார இதழில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த முதல் வாரமே சிரிப்பு போய்விட்டது.

பெண், எதெல்வினா பர்ரகான். ‘தெலோன்’ அட்டை ஒவ்வொன்றும் அவர் கையால் ஆனது. ஆண், எங்கள் முதலாளி தோன் பௌதீலியோ. நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். ‘அம்பாரோ யாருக்காக அழுதார்?’ என்பது போல அட்டையில் வருகிற நாலு வரியை எழுதுவதுதான் என் உத்தியோகம்.

முதலாளியிடம் அட்டைச் சட்டங்கள் ஒரு கத்தை இருந்தன. ஒரே முகம், பூசணிக்காய் அளவுக்கு. பல் தெரியவேண்டும். தொப்பி கூடாது, தொப்பி போட்டால் நெற்றி போய்விடும். இரண்டு பெண்களை ஒன்றாகப் போட்டால் இருவரின் ரசிகர்களும் கோபித்துக்கொள்வார்கள். பச்சை ஆகவே ஆகாது. இவற்றில் பாதியை எதெல்வினாவும் ஒத்துக்கொண்டார். பத்திரிகைப் பெயரின் கடைசி எழுத்துகளை நடிகையின் கூந்தல் மறைக்கலாம், முதல் எழுத்துகளை மறைக்கக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். கடைக்காரர்கள் இதழ்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவதால் இடப்பக்கம் நாலு விரல் அகலம்தான் வெளியே தெரியும்.

வர்ணங்களுக்கு அவர் எந்தப் புத்தகத்தையும் புரட்டியதில்லை. சனிக்கிழமை காலையில் மெர்சேத் சந்தைக்குப் போவார். வெட்டிய பப்பாளிக்குப் பக்கத்தில் கறுப்பு மிளகாய் வற்றலைப் பார்த்து நின்றுவிடுவார். திங்கட்கிழமை அந்த ஆரஞ்சு நிறம் அட்டைக்குப் பின்னணியாக வந்துவிடும். அதற்கு முன்னால் கருங்கூந்தல் எப்படி எடுக்கும் என்கிறீர்கள்! தெருக்கோடியிலிருந்தே ‘இந்த வாரத் தெலோன் வந்துவிட்டது’ என்று தெரியும்.

ஒரே ஒரு சட்டத்தில்தான் இருவரும் கீரியும் பாம்பும். முகம் வலப்பக்கம் பார்த்தே ஆகவேண்டும் என்பார் முதலாளி.

“இதழ் தொறக்குற பக்கம் எது? வலது. அவ அந்தப் பக்கம் பாத்தாதான் ‘வா, தொறந்து பாரு’ன்னு கூப்பிடற மாதிரி இருக்கும். இந்தப் பக்கம் திரும்பினா வாசகனுக்கு முதுகு காட்டற மாதிரிம்மா.”

“கயித்துல தொங்கும்போது வலது பக்கம் என்ன இருக்கு தோன் பௌதீலியோ? அடுத்த பத்திரிகை. நம்ம பொண்ணு எதிரியோட பத்திரிகைய உத்துப் பாத்துக்கிட்டு இருக்கா. அது பரவால்லயா?”

இதைக் கேட்டு நான் சிரித்தால் என்னைத்தான் திட்டுவார்கள். கடைசியில் முதலாளி சொன்னதே நடக்கும். இடப்பக்கம் பார்க்கும் படம் வந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடிப்பார்கள். வகிடு இடம் மாறும், சட்டைப் பொத்தான் பக்கம் மாறும். எதெல்வினா பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் தூரிகையால் சரிசெய்வார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். உள்ளே மூன்றாம் பக்கத்தில் ஆசிரியர் பெயர், அச்சகத்தார் பெயர், ஏன், விளம்பரம் பிடிப்பவர் பெயர்கூட வரும். அங்கே ‘முகப்பு: எதெல்வினா பர்ரகான்’ என்று ஒரு வரி வேண்டும். ஒவ்வொரு ஜனவரியும் கேட்டார். ஒவ்வொரு ஜனவரியும் முதலாளி ஒரே பதிலைச் சொன்னார்.

“அட்டைன்னா நடிகைதான்மா. ஓட்டல்ல சாப்பாட்டு அட்டை எழுதுனவன் பேரை யாராவது கேக்குறாங்களா?”

எனக்கே பற்றிக்கொண்டு வரும். ஏறக்குறைய ஆயிரம் அட்டை செய்தவருக்கு ஒரு வரி கொடுத்தால் காகிதம் தீர்ந்தா போய்விடும்? ஆனால் வாய் திறந்து கேட்டேனா? இல்லை.

சண்டையின் பத்தொன்பதாவது வருஷம், மே மாதம், அம்பாரோ லெசாமா அட்டைக்கு வந்தார். ஊருக்கே காதலி அவர். கல்யாணமாகாதவர் என்பதுதான் பாதிப் புகழ். படத்தில் வலது கையைக் கன்னத்தில் வைத்து, இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் செத்துப்போன அம்மாவின் வைர மோதிரம்.

“திருப்பிப் போடு” என்றார் முதலாளி.

“மச்சம் பக்கம் மாறிடும்.”

“மச்சத்தை நகத்திடு.”

“நகத்திடறேன். மோதிரம்? வலது கை இடது கை ஆயிடும். இடது கையில மோதிரம்னா ஜனங்க என்ன நெனப்பாங்க? அதை அழிச்சிடறேன்.”

“அழிக்காதே! எப்படி மின்னுது பாரு. வைரம் விக்கும்மா.”

“அவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு ஊரே சொல்லும்.”

“உன் கற்பனைக்கு அளவே இல்ல. போய் வேலையப் பாரு.”

நான் பக்கத்து மேஜையில்தான் இருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது.

வியாழக்கிழமை இதழ் வந்தது. வெள்ளிக்கிழமை அம்பாரோவின் வீட்டு வாசலில் பூங்கொத்துகள் குவிந்தன. மோன்டெரெய் நகர ரசிகர் மன்றம் இரங்கல் தந்தி அடித்தது. திங்கட்கிழமை தயாரிப்பாளர், இதழைத் தடிபோல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு படியேறி முதலாளியின் அறைக்குள் வந்தார்.

“மாப்பிள்ளை யாருய்யா? எனக்கும் சொல்லு, நானும் விருந்துக்கு வர்றேன்! அடுத்த மாசம் படம் வெளியாவுது. அதுல அந்தப் பொண்ணு கன்னியாஸ்திரீ!”

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கதவுக்கு வெளியே, எதெல்வினாவின் மேஜைப் பக்கம் கையை நீட்டினார்.

“அட்டை செய்யறவங்க தப்பு. அவங்க பேரோட மறுப்பு போட்டுடறோம்.”

எதெல்வினா தலை நிமிர்ந்து பார்த்தார்.

மறுப்பை எழுத வேண்டியவன் நான். முதலாளி சொல்லச் சொல்ல டைப்ரைட்டரில் தட்டினேன். ‘சென்ற இதழ் முகப்பில் படம் இடவலம் மாறி அச்சானது, முகப்பைத் தயாரித்த திருமதி எதெல்வினா பர்ரகானின் கவனக்குறைவு. செல்வி லெசாமாவுக்குத் திருமணமாகவில்லை. வருந்துகிறோம்.’ மோதிரத்தை அழிக்காதே என்று சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். இருந்தும் தட்டினேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அச்சுப் படியை நானேதான் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன்.

“நான் எழுதலைங்க அம்மா... அவர் சொல்லச் சொல்ல...”

“தெரியும் லியாந்த்ரோ. நீ என்னிக்கு உன் வாயால எதையாவது சொல்லியிருக்கே?”

இரண்டு முறை படித்தார். முறைப்பார், கிழித்துப் போடுவார் என்று காத்திருந்தேன். அவர் அளவுகோலை எடுத்தார். மறுப்பைச் சுற்றியிருந்த பெட்டிக் கோட்டுக்கும் எழுத்துக்கும் நடுவே பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.

“பேரு ஓரத்துல இடிக்குது. யாருக்கும் படிக்க வராது. மேலயும் கீழயும் ஒரு வரி எடம் விடு. பேரை மட்டும் தடிச்ச எழுத்துல போடு.”

“அம்மா, இது மறுப்பு...”

“பத்தொம்பது வருஷம் கழிச்சு என் பேரு அச்சாவுது. அசிங்கமா வரக்கூடாது.”

தூரிகைகளைத் துடைத்து, சந்தைக்கு எடுத்துப்போகும் சாக்குப் பையில் போட்டுக்கொண்டார். முதலாளியின் அறைப் பக்கம் திரும்பாமல் படியிறங்கினார். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

அந்தப் படியை அவர் சொன்னபடியே திருத்தி அச்சகத்துக்கு அனுப்பினேன். அந்த வாரத் ‘தெலோன்’ இதழில் பார்க்க லட்சணமாக இருந்தது அந்த மறுப்பு ஒன்றுதான்.