தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒலித்த கெட்டிமேளம்

எங்கள் அப்பா, எங்கள் நைனா, மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து, எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் வாங்கிச் செல்லும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனால் சில வருடங்களுக்கு முன் அவர் திருப்பதி மருத்துவமனையில் படுத்திருந்தபோது நடந்தது வீட்டாரைத் தவிர யாருக்கும் முழுதாகத் தெரியாது. ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டிருப்பீர்கள். "நீயே எழுதிடு, நீதான் கூட இருந்தே" என்று அம்மா சொன்னதால் மூத்த மகளான நான் எழுதுகிறேன்.

நைனா நாராயணவனத்தில் பிறந்தவர். தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்து, பிழைப்பைத் தேடி நகரிக்கு வந்து, விசைத்தறிக் கூடத்தில் சேர்ந்தார். பல வருடம் அங்கே உழைத்த பிறகு சொந்தமாக மைக் செட் வைத்தார். தறியை விட்டுவிட்டு ஏன் இந்தத் தொழில் என்று கேட்பவர்களிடம், "ரெண்டும் சத்தம்தான். இது கேக்க நல்லாக்கீதுல்ல" என்பார்.

நகரியிலும் சுற்றுப்பட்டிலும் கல்யாணம், காதுகுத்து, கங்கம்மா ஜாத்திரைத் திருவிழா, சாவு எதுவானாலும் அவருடைய கூம்பு ஒலிபெருக்கிக் குழாயைத்தான் கட்டுவார்கள். தமிழ் வீடு, தெலுங்கு வீடு என்று பார்த்து, அந்தந்தக் காரியத்துக்கு உரிய பாட்டைத்தான் போடுவார். குழாய் கட்டுவதற்கு முன் அந்தத் தெருவில் ஒரு நடை நடந்து, யார் வீட்டிலாவது நோயாளியோ பச்சைக் குழந்தையோ இருக்கிறார்களா என்று விசாரிப்பார். இருந்தால் குழாயின் வாயை வேறு பக்கம் திருப்பிக் கட்டுவார். இதற்காகச் சண்டைக்கு வந்த கல்யாண வீட்டார்கூட உண்டு.

நோய் வந்தது ஓர் ஆடி மாதத்தில். வயிற்றுப்போக்கு கண்டு நின்றுபோன பிறகு, கால் மரத்துப் போகிறது என்றார். மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை. அடுத்து கையில் டம்ளர் நிற்கவில்லை. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் தம்பி லீவு போட்டு ஓடி வந்தான். திருப்பதிக்குக் கொண்டுபோனோம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய் என்றார்கள். அந்தப் பெயர் இன்னும் எனக்கு வாயில் நுழையவில்லை. "பெரும்பாலும் எழுந்து நடந்துவிடுவார்கள், ஆனால் நாளாகும்" என்று டாக்டர் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் வெளியே உட்கார்ந்திருந்தோம்.

மூச்சும் தளர்ந்தபோது செயற்கை சுவாசக் கருவியில் வைத்தார்கள். பிறகு தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகினார்கள். கை அசையாது, கால் அசையாது, முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. கண் மட்டும் மேலும் கீழும் போகும், இமை மூடும். ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. எல்லாம் கேட்கும், எல்லாம் தெரியும், ஒன்றும் சொல்ல முடியாது. அதைவிடக் கொடுமை வேறு என்ன இருக்கிறது?

நைனாவின் தங்கை, திருவள்ளூரில் இருக்கும் எங்கள் அத்தை, மனசு கேட்காமல் போனில் ஒரு பக்திப் பாடல் தொகுப்பை அனுப்பியிருந்தார்கள். நோய் தீர்வதற்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். பார்வை நேரம் கொஞ்சம்தான். ஆகவே நர்ஸிடம் கொடுத்துத் தலைமாட்டில் மெதுவாக ஓடவிடச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவோம். முதல் பாட்டுகள் நன்றாகத்தான் இருந்தன. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

நைனாவின் நாடித்துடிப்பு திடீர் திடீரென்று ஏறத் தொடங்கியது. வேர்த்துக் கொட்டும். இந்த நோயிலேயே அப்படி வரும் என்று அதற்கும் மருந்து கொடுத்தார்கள். ஆனால் கண்ணில் தெரிந்த பயம் மருந்துக்கு அடங்கவில்லை. "பயப்படொத்து தாத்தா, ஏம் காது", பயப்படாதீங்க, ஒன்றும் ஆகாது என்று நர்ஸ் தெலுங்கில் தேற்றுவார். கண் கூரையையே பார்த்துக்கொண்டிருக்கும். தூக்க மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் கருவியிலிருந்து எடுப்பது தள்ளிப்போகும் என்று சொன்ன டாக்டர், அங்கே வேலை பார்த்த இசை சிகிச்சையாளரை வரச் சொன்னார். அப்படி ஒரு வேலை இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

சரிதா என்ற அந்தப் பெண்ணுக்குக் குப்பம் சொந்த ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசுவார். பாடப் போகிறார் என்று நினைத்தோம். அவர் பாடவில்லை. முதல் நாள் நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "பெரியப்பா, ஆமான்னா கண்ணை மேல தூக்குங்க, இல்லன்னா மூடிக்கோங்க" என்று பழக்கினார். தலைமாட்டில் ஓடிக்கொண்டிருந்த தொகுப்பை ஆரம்பத்திலிருந்து கூடவே கேட்டார். நடுவில் ஒரு பாட்டு வந்ததும் நாடி எகிறியது. நிறுத்தினார், இறங்கியது. உடனே வெளியே வந்து என்னிடம் போனை நீட்டினார்.

"அக்கா, இந்தப் பாட்டை உங்க ஊர்ல எங்க போடுவாங்க?"

முதல் வரியைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சாவு வீட்ல மேடம். பொணம் எடுக்கற வரைக்கும் இதத்தான் போடுவாங்க. எங்க நைனாவே எத்தினி வீட்டுக்குப் போட்டுக்கீறாரு!"

"வாங்க, நீங்களே சொல்லுங்க. உங்க குரல்ல கேக்கணும்" என்று சரிதா என்னை உள்ளே அழைத்துப் போனார். நைனாவின் காதருகே குனிந்தேன்.

"நைனா, நீ உயிரோடதான் கீறே. நல்லாக்கீறே. அத்தை அனுப்ன பாட்டுல அது எப்டியோ கலந்துகினு வந்துடுச்சி. யாரும் உனக்குன்னு போடல நைனா."

அவர் என்னையே பார்த்தார். கண்ணின் ஓரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போனது. திரையில் இருந்த எண் மெல்ல மெல்ல இறங்கியதை நர்ஸும் நின்று பார்த்தார். அன்று மாலை மருந்தைக் கூட்டாமலே நைனா தூங்கினார். வெளியே பெஞ்சில் நானும் அம்மாவும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதோம். அவ்வளவு நாளில் ஆறுதலாக அழுதது அதுதான் முதல்முறை.

அதன் பிறகு எந்தப் பாட்டு என்பதை நைனாவே தேர்ந்தெடுத்தார். சரிதா ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் போட்டுக் காட்டுவார். அமைதியான வீணை வந்தால் வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொள்வார். ஜாத்திரையில் அடிக்கும் பம்பைக்குக் கண் மேலே போகும். தொண்டைக் குழாயில் சளி உறிஞ்சும் நேரம்தான் அவருக்குப் பெரிய வேதனை. அப்போது என்ன வேண்டும் என்று கேட்டு, எதைப் போட்டாலும் வேண்டாம் என்றார். கடைசியில் சும்மா போட்டுப் பார்த்த கெட்டிமேளத்துக்குக் கண் கூரையைத் தொட்டது. தாலி கட்டும் நேரத்து மேளம்! அதை இயர்போனில் அளவாக வைத்துத்தான் தினமும் உறிஞ்சினார்கள். "தாத்தாவுக்கு இன்னிக்கும் முகூர்த்தம்" என்று நர்ஸுகள் சிரிப்பார்கள்.

இசை நரம்பைச் சரிசெய்யாது என்று சரிதா முதலிலேயே சொல்லிவிட்டார். அதை மருந்தும் காலமும்தான் செய்தன. பயம் மட்டும் இசையிடம் அடங்கியது. அந்தப் பயம் அடங்கியதால் மற்றவை நடந்தன.

கருவியைச் சிறிது நேரம் எடுத்து, தானாக மூச்சு விடப் பழக்கிய நாட்களில் சரிதா வேறு ஒன்று கேட்டார். "போன்ல வேணாம், உங்கள்ல யாராவது மெதுவா பாடுங்க. ஊஞ்சல் மாதிரி போய் வர்ற பாட்டு."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தார்கள். கல்யாண வீடுகளில் பெண்கள் பாடும் ஊஞ்சல் பாட்டு. நைனா எதிரே அம்மா பாடி நாங்கள் கேட்டதே கிடையாது. குரல் நடுங்கியது, சுருதி எங்கோ போனது. சரிதா பக்கத்தில் மெல்ல முனகி அதைத் தாங்கிப் பிடித்தார். ஊஞ்சல் முன்னே வரும்போது மூச்சு உள்ளே, பின்னே போகும்போது மூச்சு வெளியே. நைனாவின் மார்பு அந்த ஆட்டத்துக்குள் வந்தது. முதல் நாள் சில நிமிடம், பிறகு ஒரு மணி நேரம், பிறகு ஒரு பகல் முழுதும்.

தொண்டைத் துளையை மூடிப் பேசிப் பார்க்கச் சொன்ன அன்று, என்ன சொல்லப் போகிறார் என்று எல்லோரும் சுற்றி நின்றோம். நைனா, மைக்கைச் சோதிப்பதுபோல, "அலோ... அலோ" என்றார். டாக்டர்கூடச் சிரித்துவிட்டார்.

பேச்சு திரும்பிய பிறகு அவரே எல்லாம் சொன்னார். "செத்துட்டேன்னே நெனச்சிகினேன்மா. அப்புறம் பாத்தா நர்ஸம்மா வந்து ஊசி போடுது. செத்தவனுக்கு இன்னாத்துக்கு ஊசின்னு யோசிச்சிகினே கெடந்தேன். சரி, செத்ததுதான் செத்தோம், இவ்ளோ மட்டமான ஸ்பீக்கர்லயா போடுவாங்க?" அத்தை அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டபோது, "நீ இன்னா பண்ணுவே, பாசத்துல அனுப்னே. நாளைக்கு நான் நெஜமாவே போறப்போ மட்டும் அதப் போடாதீங்க. ஒரு வாட்டி கேட்டாச்சி" என்றார்.

நடக்க மேலும் பல மாதங்கள் ஆயின. கைத்தடியோடு நடந்தாலும், தம்பியின் கல்யாணத்தில் மைக் செட்டை அவரேதான் பார்த்துக்கொண்டார். பேரன் பேத்திகளைத் தூக்கிக் கொஞ்சினார். நோயில் விழுந்தவர்களைப் பார்க்கப் போனால், "எந்தப் பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவார். இத்தனை வருடம் எங்களுக்குக் கிடைத்ததை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது.

சென்ற ஆண்டு இதயம் பழுதானது. சித்தூரில் பார்த்த டாக்டர், மூச்சு திணறினால் மறுபடியும் குழாய் போட வேண்டி வரலாம், என்ன முடிவு என்று எங்களைக் கேட்டார். நைனா முந்திக்கொண்டார்.

"கொழாய் வேணாம் டாக்டர். ஒரு வாட்டி போய் வந்தது போதும், சந்தோசம். வீட்டுக்கு அனுப்புங்க." பிறகு அம்மா பக்கம் திரும்பி, "பசிக்குது. இங்க இட்லி கெடைக்குமா பாரு" என்றார்.

ஒரு வாரம் வீட்டில் இருந்தார். வந்தவர்களிடம் பேசினார். ஒரு விடியற்காலை, அம்மா பால் வாங்கி வருவதற்குள் தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் சொன்னபடியே அந்தப் பாட்டை நாங்கள் போடவில்லை.

அன்று திருப்பதியில் எங்களைத் தாங்கிய டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும், காரியத்துக்குக் குப்பத்திலிருந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சரிதாவுக்கும், மாற்றி மாற்றிச் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும், பந்தல் போட்டுத் தோள் கொடுத்த மைக் செட் தோழர்களுக்கும், தொலைவிலிருந்து வந்த உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கமும் நன்றியும்.

காரியத்தன்று உங்களில் பலர் என் கையைப் பிடித்து, "நைனா கஷ்டப்பட்டாராம்மா, பயந்தாரா?" என்று கேட்டீர்கள். அப்போது எனக்குப் பேச வரவில்லை. இப்போது சொல்கிறேன். இல்லை. குழாய் வேண்டாம் என்றதும் அவர் கேட்டது இட்லி. அம்மா வாங்கிக் கொடுத்தார்கள். நாலு சாப்பிட்டார்.