ஒரு சட்டி, நாலு முள்ளுக்கரண்டி

1985 இலையுதிர் காலத்தில், ரைன் நதிக்கரை ஊரான ஷாஃப்ஹவுசனில் எங்களுக்கு ஜெர்மன் படிப்பித்த ஆசிரியை, பாதிப் பாடத்தை வெளியில்தான் நடத்துவார். மாணவர்கள் மூன்று பேர்: நான், என் அறையில் கூட இருந்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், ஒரு துருக்கிப் பெண்மணி. எனக்கும் அண்ணைக்கும் வேலை அனுமதி இன்னும் வரவில்லை. ஊர் பார்க்க நேரம் தாராளமாக இருந்தது.

முதலில் ரைன் நீர்வீழ்ச்சிக்குப் போனோம். அது ஒரு சனிக்கிழமை என்று அண்ணை இன்றைக்கும் சாதிக்கிறார். என் நாட்குறிப்பில் வெள்ளி என்றிருக்கிறது. துருக்கிப் பெண்மணி அன்று வரவில்லை. சாரல் தெறிக்கும் கம்பிவேலியோரம் நாங்கள் நனைந்துகொண்டு நிற்க, ஆசிரியை மூன்று சுட்ட சொசேஜ் வாங்கி வந்து நீட்டினார். அன்று வெள்ளிதான் என்பதற்கு இதுவே சான்று: வெள்ளிக்கிழமைகளில் நான் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை. அதை விளக்க எனக்கு ஜெர்மன் போதாது. அண்ணையின் ஜெர்மன் அதைவிட மோசம். “இல்லை, நன்றி” என்று மூன்று தரம் சொன்னேன். ஆசிரியை அதைக் கடதாசியில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் திரும்பும்போது எங்களை விட்டுத் தள்ளி முன்னிருக்கையில் போய் உட்கார்ந்தார்.

அடுத்த செவ்வாய், அகராதியைப் பார்த்து நாலு வரியில் காரணத்தை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்ததும் அவர் முகம் தெளிந்தது.

“அப்படியானால் சனிக்கிழமை என் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. இறைச்சி, மீன் எதுவும் இருக்காது. வருவீர்கள்தானே?”

வருவேன் என்றேன். இரண்டாம் முறையும் அவர் மனத்தை நோகவிடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சனி காலையில் நால்வரும் மூனோட் கோட்டைக்கு ஏறினோம். அதன் கோபுரத்துக்குள் படிகளுக்குப் பதிலாக, குதிரையில் ஏறிப் போகக்கூடிய சரிவுப் பாதை சுற்றிச் சுற்றிப் போகிறது. மேலே நின்றால் ரைன் நதியும் திராட்சைத் தோட்டங்களும் தெரியும். கீழே அகழிக்குள் மான்கள் மேய்ந்தன. நல்ல வெயில். பசியும் நன்றாக எடுத்தது.

ஆசிரியையின் மேசை நடுவில், சின்ன அடுப்பின் மேல் ஒரு மண்சட்டி. அதில் உருகிய சீஸ் கொதித்துக்கொண்டிருந்தது. ஃபொண்டூ என்பது அதன் பெயர். வைனுக்குப் பதில் அப்பிள் சாறு ஊற்றியதாகச் சொன்னார். ஆளுக்கொரு நீள முள்ளுக்கரண்டி. பாண் ரொட்டித் துண்டைக் குத்தி, சட்டியில் தோய்த்து, வாயில் வைத்து, அதே கரண்டியை மறுபடியும் சட்டிக்குள் விட வேண்டும்.

ஒரே சட்டியில் நாலு பேருடைய எச்சில்.

முதல் சுற்றில் பயமில்லை; எல்லாக் கரண்டியும் புதிது. இரண்டாம் சுற்றுக்கு முன் மற்றவர்களைக் கவனித்தேன். ஆசிரியை பல்லால் மட்டும் துண்டைக் கழற்றினார். துருக்கிப் பெண்மணியும் அப்படியே. அண்ணை கரண்டியை அடிவரை வாய்க்குள் விட்டு, நக்கித் துடைத்துக்கொண்டு சட்டியை நோக்கிப் போனார். மேசைக்கடியில் அவருடைய காலை மிதித்தேன்.

“அண்ணை, நக்காதேங்கோ!”

“ஏன்ராப்பா, எனக்கென்ன தொத்து வருத்தமோ?”

“எச்சில் எல்லோ?”

“வெள்ளிக்கிழமை உனக்கு மச்சம் ஆகாது, சனிக்கிழமை எச்சில் ஆகாது. ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன வைச்சிருக்கிறாய்?”

நான் அடுத்த துண்டைத் தோய்த்து, ஊரில் செம்பில் தண்ணீர் குடிப்பதுபோல அண்ணாந்து, உதட்டில் படாமல் வாய்க்குள் போட்டேன். சீஸ் நூலாக இழுபட்டு, உதட்டுக்குக் கீழே நாடியில் ஒட்டிக்கொண்டது. துருக்கிப் பெண்மணி சிரிப்பை அடக்கினார்.

ஆசிரியை கரண்டியைக் கீழே வைத்தார். “என்ன நடக்கிறது? சாப்பாடு பிடிக்கவில்லையா?”

பையில் சுற்றி வைத்த சொசேஜ் ஞாபகம் வந்தது. அகராதி கையில் இல்லை. “மிகவும் பிடிக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில், வாயில் பட்டது பானைக்குள் திரும்பிப் போகாது,” என்று சொல் சொல்லாகக் கோத்துச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அண்ணையைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

“எங்கள் வீட்டிலும்தான்! உதடு பட்டால் அம்மா கரண்டியாலேயே கையில் அடிப்பார். விருந்தாளிக்குச் சொல்லக்கூடாதே என்று நான் பேசாமல் இருந்தேன்.” எழுந்து போய் அண்ணைக்கு வேறு கரண்டி கொண்டுவந்தார். “சட்டியைக் கழுவுவது இவர்தான்.”

“என்னவாம்?” என்றார் அண்ணை.

“சட்டி நீங்கள்தான் கழுவ வேணுமாம்.”

“நீ வாங்கித் தந்த வேலை அனுமதியோ இது?”

கடைசியில் சட்டியின் அடியில் பொன்னிறமாக ஒரு காந்தல் மிஞ்சியது. ஆசிரியை அதைக் கத்தியால் கிளப்பி நாலாக உடைத்தார். பெரிய துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். நான் கையாலேயே சாப்பிட்டேன். மொறுமொறுவென்று உப்பாக இருந்தது.

அன்றைய நாட்குறிப்பு சின்னது: “சனி. வெயில். மூனோட், மான்கள். ஆசிரியை வீட்டில் வயிறு நிறையச் சாப்பாடு. சட்டி கழுவியது அண்ணை.”