இருமி விலை குறைத்தவன்

இருபத்தைந்து வயதில் எனக்கு நிமோனியா வந்தது. மூன்றாவது வாரமே பந்தல்குடிக்குச் சைக்கிள் மிதித்துப் போய்ப் புரோட்டா தின்றுவிட்டு வந்தேன். ஐம்பத்து மூன்றில் திரும்ப வந்தபோதும் அதே தெனாவட்டுதான். ஆறு வாரம் ஆகியும் பாதி மாடிப்படியில் நின்று, யாரோ கூப்பிட்ட மாதிரித் திரும்பிப் பார்த்து மூச்சு வாங்கினேன்.

அருப்புக்கோட்டை டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். “நுரையீரல் காயத்தை அடைக்கிறதுக்குன்னே உள்ள செல்லு இருக்கு. வயசாக ஆக அதுக மந்தமாயிரும். சில இடம் பழையபடி ஆகாம தழும்பாயிருது.”

“மந்தமானதுக்குப் பதிலா வேற ஆள் போட முடியாதா சார்?”

அவர் சிரிக்கவில்லை. படத்தை உறைக்குள் போட்டார்.

“மிளகாத் தூசிப் பக்கமே போகாதீங்க.”

என் கடையே மிளகாய் வத்தல் கடை. வத்தலை ஒடித்து மோந்துதான் ஈரமா, பழசா, பூசணமா என்று பார்த்து விலை சொல்வேன். முப்பது வருசமாக என் மூக்குதான் முதலாளி. நான் அதற்குக் கீழே கணக்குப்பிள்ளை.

வீட்டில் விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் கருவியைப் பத்து நிமிசத்துக்கொரு தரம் மாட்டிக்கொண்டேன். துணைக்கு என் மனைவி விரலிலும் மாட்டினேன். அவளுக்கு என்னைவிட நாலு கூட. அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

மறுநாள் அவளுக்குத் தெரியாமல் கடைக்குப் போனேன். எம்.ரெட்டியபட்டி சம்சாரி ஒருவர் தன் காட்டில் விளைந்த புதுவத்தல் மூட்டையோடு நின்றார். சரக்கைச் சோதிக்கிற மாதிரியே நுரையீரலையும் சோதித்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு வத்தலை ஒடித்து ஆழமாக இழுத்தேன்.

இருமல் பிடித்தது. நிற்கவில்லை. கண்ணில் நீர் கொட்ட, தராசைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

சம்சாரி விழுந்து விழுந்து சிரித்தார். “அண்ணாச்சி, போன வருசம் நெஞ்சைப் பிடிச்சீக. இந்த வருசம் இருமலா? வெலையக் கொறைக்க இம்புட்டு நடிப்பா!”

போன வருசம் நெஞ்சைப் பிடித்தது நடிப்புதான். இது இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், மூச்சுதான் வரவில்லை. கையை ஆட்டினேன்.

“சரி, கிலோவுக்கு அஞ்சு ரூவா கொறச்சுக்கிடுங்க. போதும், நிப்பாட்டுங்க.”

நிப்பாட்டத்தான் பார்த்தேன். நீலம் பாய்ந்த என் உதட்டைப் பார்த்ததும் அவர் சிரிப்பு அடங்கியது. மூட்டை வாயை அவசரமாகக் கட்டி வெளியே இழுத்துப் போட்டார். தண்ணீர் கொண்டுவந்தார்.

“என்ன வெலை போடுறீக?” என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

மோந்து பார்க்காமல் எனக்கு விலை சொல்லத் தெரியாது; வேறு கடை பாருங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் நகரவில்லை. இதையும் நடிப்பென்று நினைக்க ஆசைப்பட்டு நின்றார், பாவம். நானும்தான்.