இடது முழங்காலும் ஸ்பேனர் பெட்டியும்

என் தம்பி பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவன். மேசை மாதிரி நாலு காலில் நிற்கும் கிட்டார் அது. கை கம்பியில் இருக்கும்போதே பாதம் பெடலை மிதிக்கும். முழங்கால் அடியில் தொங்கும் லீவரைத் தள்ளும். தள்ளினால் சில கம்பிகளின் சுருதி ஏறும் அல்லது இறங்கும். எந்த லீவர் எந்தக் கம்பியை அசைப்பது என்று வாசிப்பவரே மாற்றிக்கொள்ளலாம். இந்த வசதியைக் கண்டுபிடித்தவர் என் தம்பியைப் பார்த்திருந்தால் யோசித்திருப்பார்.

முப்பது வருடத்தில் அவன் வாசித்ததைவிட அதைக் கவிழ்த்துப் போட்டுக் குடைந்ததே அதிகம். மாற்றாமல் விட்டது ஒன்றுதான்: இடது முழங்காலை உள்பக்கம் தள்ளினால் சுருதி இறங்கும்.

ஒன்றரை மாதத்துக்கு முன் அந்த முழங்காலுக்கே அறுவை சிகிச்சை. நோயாளிகளைப் பராமரிப்பது நான் படித்துச் செய்த வேலை. அவன் மனைவி கூப்பிட்டதும் போய் இறங்கினேன். காலையிலும் மாலையிலும் முப்பது தடவை முட்டியை மடக்கி நீட்ட வேண்டும். பன்னிரண்டிலேயே “ஐயோ” என்பான்.

போன மாதக் கடைசியில், சனிக்கிழமைதோறும் கிளப்பில் அவன் வாசிக்கும் பேண்டின் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணே, இவ்வளவு நாளா உங்க இடத்துல கீபோர்டுகாரர்தான் சமாளிக்கிறார். சனிக்கிழமை நீங்க சரியா வாசிக்கலேன்னா அவரே இருக்கட்டும்னு கிளப்புல சொல்றாங்க.”

தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த நாற்காலியை விட்டால் அவனுக்கு வேறு உலகம் கிடையாது. முட்டியை மடக்குவான் என்று நினைத்தேன். ஸ்பேனரை எடுத்தான். வெள்ளிக்கிழமை முழுக்கத் தரையிலேயே கிடந்தான்.

“வலிக்கிற காலுக்கு எதுக்குக்கா வேலை? இறக்கத்த வலது முட்டிக்கு மாத்திட்டேன். இடது பக்கம் இப்ப ஏத்தம். அது எப்பவாவதுதான் வரும்.”

“முட்டிய மடக்க முடியாதவன் நாள் முழுக்க மண்டி போட்டிருந்தியே?”

“அது வேலைக்கா.”

“அந்த ஸ்பேனரால சமையலறைக் குழாயையும் ஒரு முறுக்கு முறுக்குங்க, ஒழுகுது” என்றாள் மனைவி.

“அது வேற சைஸ்.”

சனிக்கிழமை கிளப்புக்கு நானும் போனேன். பிரிவைப் பற்றிய மெதுவான பாட்டு. பாடகி குரலைத் தணித்தாள். கிட்டாரும் கூடவே இறங்க வேண்டும். தம்பியின் இடது முழங்கால் முப்பது வருடப் பழக்கத்தில் உள்பக்கம் போனது. ஏதோ நல்ல சேதி வந்துவிட்டதுபோல் சுருதி எகிறியது. ஆடிக்கொண்டிருந்த ஒருவர் ஜோடியின் காலை மிதித்தார். பாடகி திரும்பி முறைத்தாள். பாட்டின் அடுத்த வரியில் மறுபடியும் அதே நல்ல சேதி.

முடிந்ததும் மாஸ்டர் நேரே வந்தார். தம்பி முந்திக்கொண்டான்: “வலது லீவர் அரை இஞ்ச் தள்ளியிருக்கு மாஸ்டர், நாளைக்கே மாத்தி...”

“புதுசா எதையும் மாத்தாதே” என்றேன். “மாஸ்டர், லீவர் பழைய இடத்துக்கு வந்தா இவன் கால் தானா வாசிக்கும். அந்த முட்டி இன்னிக்கு இருபத்திரண்டு தடவ போச்சு. நான் எண்ணினேன். ஒரு ‘ஐயோ’கூட வரல.”

காட்டிக்கொடுத்தவனைப் பார்ப்பதுபோல் தம்பி தன் முழங்காலைப் பார்த்தான்.

மாஸ்டர் யோசித்தார். “இன்னும் ஒரு சனிக்கிழமை தர்றேன். ஆனா ஸ்பேனர் பெட்டி அக்காகிட்டதான் இருக்கணும்.”

மறுநாள் நான் பக்கத்தில் நிற்க, எல்லாவற்றையும் பழையபடி வைத்தான். அடுத்த சனிக்கிழமை இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது. நாற்காலி அவனுக்கே.

பெட்டி என் அலமாரியில், கட்டுத்துணிக்கு அடியில் இருக்கிறது. நேற்று குழைந்துகொண்டு வந்தான்.

“அக்கா, ஒரே ஒரு ஸ்பேனர். குழாய் ஒழுகுதுன்னு அவ சொன்னாள்ல?”

“அது வேற சைஸ்னு நீதானே சொன்னே? உக்காரு. முப்பது மடக்கு.”