முதல்ல மூச்சு, பிறகுதான் கதை

வள்ளத்து எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தம்பியின் அழைப்பு வந்தது. "ஸ்டெல்லா மிஸ் போயிட்டா அண்ணை. கடைசிவரைக்கும் கண் முழிக்கவேயில்லை." கையிலிருந்த ஸ்பானரைக் கடலுக்குள் எறிந்தேன். மீன் ஏலத்தடியில், பட்டப்பகலில், ரெஜி துடுப்பால் அவருடைய மண்டையைப் பிளந்ததை இதை வாசிக்கும் ஊராரே, உங்களில் பலர் பார்த்தீர்கள். ரெஜி குடு என்கிற ஹெரோயின் விற்பவன். மிஸ் பொலிசுக்கு ஆள் காட்டுகிறார் என்று நினைத்தானாம். அகப்பட்டால் அந்த இடத்திலேயே கொல்லுவேன் என்று சத்தியம் செய்தேன்.

மிஸ் ஓய்வுபெற்ற தாதி. கோயில் மண்டபத்தில் எங்களுக்கு, குடு கூடி நின்ற மூச்சைத் திருப்பும் நலோக்சோன் ஊசி போடப் பழக்கியவர். நான் பழகப் போன காரணம் வெட்கக்கேடானது. குடு அடித்த தம்பி உதடு நீலமாகி விழுந்தபோது, வலிப்பென்று நினைத்து அவன் கையில் இரும்புச் சாவியைத் திணித்தேன். பிறகு நடிக்கிறானென்று மாறி மாறி அறைந்தேன். ஓடி வந்த மிஸ் என்னை உதைத்துத் தள்ளினார்.

"விசரா! சாவி மூச்சைத் திறக்குமோ?"

தொடையில் ஊசியைக் குத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினார். எழும்பிய தம்பி வெறியில் விட்ட குத்தில் அவருடைய முன்பல் பறந்தது. இரத்தத்தைத் துப்பிவிட்டு, "அடிக்கிறான். ஓம், நல்லது. மூச்சு வந்திட்டுது" என்றார்.

வகுப்பில் அவர் சொல்வது இதுதான்: "ஆர் எவர் எண்டு பாக்காதேங்கோ. முதல்ல மூச்சு, பிறகுதான் கதை. ஊசி மருந்தின்ர வேகம் இறங்கினால் திரும்பவும் மூச்சு நிண்டிடும். அம்புலன்ஸ் வருமட்டும் விட்டிட்டுப் போக ஏலாது."

மிஸ்ஸின் எட்டாம் நாள் பூசை முடிந்து வெளியே வந்தோம். உடைந்த வள்ளமொன்றுக்குள் ஒளிந்திருந்த ரெஜியைச் சனம் இழுத்து வந்து மிதித்தது. நானும் மிதித்தேன். மூன்றாவது உதைக்கு அவன் முனகவில்லை. குனிந்து பார்த்தேன். நீல உதடு, ஊசிமுனையாய்ச் சுருங்கிய கண்மணி. எங்கள் அடியால் வந்ததில்லை அது; குடு கூடிப்போயிருந்தது.

"விடு, சாகட்டும்!" என்று கத்தினார்கள். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் பாழாய்ப்போன கை ஊசி இருந்த சட்டைப்பைக்குப் போய்விட்டது. குத்தினேன். ஓங்காளித்துக்கொண்டே ஊதினேன். அம்புலன்ஸ் வரும்வரை அவனை மறைத்துக் குந்தியிருந்து, உங்கள் உதைகளை என் முதுகில் வாங்கினேன்.

முன்பு இரண்டு தடவை மிஸ்தான் அவனை இப்படி எழுப்பியவர். இந்தமுறையும் கண் திறந்ததும், "மிஸ்ஸோ?" என்று கேட்டான்.

அறையவில்லை என்று எழுதத்தான் விருப்பம். அறைந்தேன். மிஸ்ஸின் கைப்பழக்கம் என்னிடம் இருக்கிறது. அவருடைய மனம் எனக்கு இன்னும் வரவில்லை.